ஷெர்லொக் என்ற பெயரும் ஒரு வைத்தியரின் கண்ணும்

(யாழ்ப்பாணத்தில் வாசிப்பு மாதத்தையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

துப்பறியும் கதைகளின் நாயகன் ஷெர்லொக் ஹோம்ஸின் ஷெர்லொக் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று சற்று முன்னர் ஒரு தங்கச்சி கேட்டா. ஒளிர்ந்த முடி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்த குடும்பப் பெயர் என்பார்கள். துப்பறிவதற்கும் முடிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அந்தக் கதைகளை எழுதிய ஆர்தர் கொனன் டொயில் விரும்பியதும் அதைத்தான். கெட்டிக்காரனுக்குக் கூர்மதியன் என்று பெயர்வைக்கும் பாணி அவருக்குப் பிடிக்கவில்லை. சுயசரிதையில் அதைச் சொல்லியிருக்கிறார். முதலில் ஷெரிங்ஃபோர்ட் ஹோம்ஸ் என்று எழுதிப் பார்த்தார். பிறகுதான் ஷெர்லொக். 1887இல் முதற்கதை அச்சேறியது.

அந்தப் பெயருக்கு உயிர் கொடுத்தவர், எடின்பரோவில் டொயிலுக்கு மருத்துவம் படிப்பித்த ஜோசப் பெல். ஒருநாள் சாதாரண உடுப்போடு ஒரு நோயாளி வருகிறார்.

"படையில் இருந்தனீரோ?"

"ஓம் ஐயா."

"விலகிக் கனகாலமில்லை?"

"இல்லை ஐயா."

"பார்படோஸில் இருந்தனீர்?"

"ஓம் ஐயா."

மாணவர்கள் திகைத்து நிற்க, பெல் விளக்குகிறார். ஆள் மரியாதையானவர், ஆனால் தொப்பியைக் கழற்றவில்லை. அது படைப் பழக்கம். விலகி நாளாகியிருந்தால் அது விட்டுப்போயிருக்கும். வருத்தமோ யானைக்கால், அது பார்படோஸ் இருக்கும் மேற்கிந்தியத் தீவுகளில் வருவது, பிரித்தானியாவில் இல்லை. இந்தக் கடைசித் துப்பு எங்களுக்குச் சட்டென்று பிடிபடும். இலங்கையில் யானைக்கால் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததே 2016இல்தான்.

டொயில் அந்தக் கண்ணைக் கதைக்குள் பூட்டி வைக்கவில்லை. அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு வந்தது இந்த இடத்தில்தான். ஜோர்ஜ் எடல்ஜி என்று ஓர் இளம் சட்டத்தரணி. தகப்பன் பம்பாயிலிருந்து போன பார்சி, இங்கிலாந்தில் பாதிரியார். இரவில் வயல்வெளியில் ஒரு மட்டக்குதிரையை வெட்டினார் என்று 1903இல் மகனுக்கு ஏழு வருடச் சிறை விதித்தார்கள். மூன்று வருடத்தில் வெளியே விட்டார்கள். பழி மட்டும் போகவில்லை. 1907இல் ஒரு ஹோட்டலில் அவரைச் சந்திக்கப் போன டொயில், கிட்டப் போகுமுன்னரே கவனித்துவிட்டார்: எடல்ஜி பத்திரிகையைக் கண்ணோடு ஒட்டி, சரித்துப் பிடித்து வாசிக்கிறார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இருட்டில் வயல் தாண்டிப் போய் அதைச் செய்திருக்க முடியுமா? டொயில் பத்திரிகையில் எழுதினார், விடாமல் வாதாடினார். அந்த ஆண்டே மன்னிப்பு வந்தது. எடல்ஜி தொழிலுக்குத் திரும்பினார். அநியாயமாய்க் கழிந்த மூன்று வருடத்துக்கு அரசாங்கம் ஒரு சதம்கூட இழப்பீடு கொடுக்கவில்லை.