இரும்பு பிடித்த கை

(தண்டையார்பேட்டையில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, மழை தூறியும் வந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, நாற்காலியும் மைக்கும் கடன் சொல்லிப் பிடித்துவந்த செயலாளர் தம்பி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற டாக்டர் ஐயா அவர்களே (தப்பாகச் சொன்னால் ஐயா கையைத் தூக்கலாம்), தாய்மார்களே, வணக்கம்.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். உடம்பு இரும்பை எப்படி ஒளிக்கிறது, கிருமி அதை எப்படித் திருடுகிறது, அந்தத் திருட்டை வைத்தே மருந்து எப்படிச் செய்கிறார்கள்.

'இரும்பு பிடித்தவன் கையும் சிரங்கு பிடித்தவன் கையும் சும்மா இருக்காது' என்பார்கள். கிருமிக்குக் கையே கிடையாது. ஆனாலும் வளர இரும்பு வேண்டுமே, சும்மா இருப்பதில்லை.

நம் உடம்பில் மொத்தமே 3, 4 கிராம் இரும்புதான். பெரும்பகுதி ரத்தச் சிவப்பணுக்களில். மிச்சத்தை ஃபெரிட்டின் என்ற புரதம் பூட்டி வைக்கும். ரத்தத்தில் போகிற கொஞ்சத்தையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற இன்னொரு புரதம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கேட்பாரற்றுக் கிடக்கிற இரும்பு ஏறக்குறைய இல்லை. (அதற்காக வீட்டுக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள்.)

சரி, திருடன் கதைக்கு வருவோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெரு அடிபம்பில் கைப்பிடி தங்காது. பெரியம்மா சங்கிலி போட்டுப் பூட்டினார். சங்கிலி, பூட்டு, கைப்பிடி மூன்றும் சேர்ந்து போயின. திருடன் எப்போதும் ஒரு பச்சைச் சாக்கோடு வருகிறான் என்று யாரோ சொல்ல, பெரியம்மா நேராகக் காயலான் கடைக்குப் போய், "பச்சைச் சாக்கு வந்தா விடாதீங்க பாய்" என்றார். ஒரே வாரத்தில் பாய் சாக்கைப் பிடித்துவிட்டார். ஆள் ஓடிவிட்டான். பெரியம்மா கைப்பிடியைத் தோளில் சாமி மாதிரி தூக்கிவந்தார். பின்னாலேயே நாங்கள் தகரம் தட்டிக்கொண்டு. அடுத்த மாதம் மறுபடியும் காணோம். பாய் சத்தியம் செய்தார், பச்சைச் சாக்கே வரவில்லை என்று. பெரியம்மா கடைக்குள் புகுந்து குவியலைக் கிளறினால், அடியில் நம் கைப்பிடி. மேலெல்லாம் எறும்பு! அந்தப் புண்ணியவான் பச்சைச் சாக்கின் மேல் சர்க்கரைச் சாக்கைப் போர்த்திக் கொண்டுவந்திருக்கிறான். பாய் எடை போட்டுக் காசும் கொடுத்தாயிற்று.

சிரிக்காதீர்கள், சால்மொனெல்லா என்ற கிருமி செய்வதும் இதேதான். எண்டரோபாக்டின் என்ற சின்ன மூலக்கூறைச் சாக்கு மாதிரி வெளியே அனுப்புகிறது. டிரான்ஸ்ஃபெரின் பிடியிலிருந்தே இரும்பைப் பிடுங்கும் சாக்கு அது. நம் உடம்பில் லிப்போகாலின் 2 என்ற புரதம், நம்ம பாய் மாதிரி, அந்தச் சாக்கைப் பார்த்ததும் பிடித்துக்கொள்ளும். கிருமி என்ன செய்கிறது? சாக்கின் மேல் குளுக்கோஸை ஒட்டி அனுப்புகிறது. சர்க்கரை! லிப்போகாலின் ஏமாந்துபோகிறது. சிரங்குப் புண்ணில் சேர்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமிக்கு இந்தப் பொறுமையெல்லாம் இல்லை. சிவப்பணுவையே உடைத்து எடுக்கும். பழமொழி சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை.

அப்புறம், டைபாய்டு தருவதும் இந்த சால்மொனெல்லா கூட்டம்தானே, அது எந்த வழியாக வருகிறது? அசுத்தமான தண்ணீர் வழியாக. அதற்குத்தான் இந்தப் பையைத் தூக்கிவந்தேன். எங்கள் தெருவில் பள்ளம் தோண்டியபோது எடுத்த குடிநீர்க் குழாய்த் துண்டு. இதுவும் இரும்புதான். பாருங்கள், துருப்பிடித்த ஓட்டையில் என் சுண்டுவிரல் போகிறது. ஒரு முழம் தள்ளிச் சாக்கடை. காலையில் முதல் குடம் டீ நிறத்தில் வருகிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டுகிறோம். மூன்று மனு கொடுத்தாயிற்று. மனுவுக்கும் துருப்பிடித்திருக்கும். கவுன்சிலர் அம்மா இருக்கும்போதே சொல்கிறேன், குழாயை மாற்றுகிறவரை இந்தக் கை சும்மா இருக்காது.

தலைவர் மணியைத் தொடுகிறார். மருந்து விஷயத்தை டாக்டர் ஐயா சொல்லட்டும். நான்காவது மனு வாசல் மேசையில் இருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். தப்பாக நினைக்காதீர்கள், நம் ஏரியா நமக்குத் தெரியாதா?