ஏ.எம்.ஹெச் குறைந்தால் கருவின் தரமும் குறையுமா?

வணக்கம். ஏ.எம்.ஹெச் என்பது சினைப்பையில் சுரக்கும் ஒரு ஹார்மோன். ரத்தப் பரிசோதனையில் அது 0.8 என்று குறைவாக வந்தால் போதும், "முட்டையில தரமே இல்லையாம்" என்று சொந்தக்காரர்கள் வரை செய்தி போய்விடுகிறது. ஆனால் தரத்தைப் பற்றி அந்த எண் எதுவுமே சொல்வதில்லை.

[திரையில்: சினைப்பையின் உட்புறம்]

சினைப்பையில் ஒவ்வொரு கருமுட்டையும் ஃபாலிக்கிள் என்ற நுண்ணிய பைக்குள் இருக்கிறது. வளரத் தொடங்கியிருக்கும் சிறிய ஃபாலிக்கிள்கள்தான் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. அவை நிறைய இருந்தால் எண் கூடும், குறைந்தால் இறங்கும். முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் ஐ.வி.எஃப் சிகிச்சையில் ஊசி மருந்தின் அளவை முடிவு செய்யவும், ஏறக்குறைய எத்தனை முட்டைகள் கிடைக்கும் என்று கணிக்கவும் டாக்டருக்கு இது உதவும். எண் மிக அதிகமாக இருந்தாலும் கவனம் தேவை. சினைப்பையில் சிறிய ஃபாலிக்கிள்கள் அளவுக்கு மீறி இருக்கும் பி.சி.ஓ.எஸ் என்ற ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் வரும். மருந்து கூடிப்போனால் சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோர்த்துக்கொள்ளும்.

சரி, தரம் எதைப் பொறுத்தது? பெரும்பாலும் வயதை.

நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உங்கள் கருமுட்டைகள் உருவாகிவிட்டன. அவற்றுக்குள் குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பாதியில் நின்று, பல பத்தாண்டுகள் காத்திருக்கின்றன. ஜோடியைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் வயதாக ஆகத் தளர்கிறது. பிரியும்போது ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ போய்விடும். 35-ஐத் தாண்டியபின் இந்தப் பிழை வேகமாகக் கூடுகிறது.

[திரையில்: 29 வயது, 0.8 / 41 வயது, 3]

இவர்களில் முதலாமவருக்குக் குறைவான முட்டைகளே கிடைக்கக்கூடும். ஆனாலும் அவருடைய ஒவ்வொரு முட்டையும் சரியான கருவாகும் வாய்ப்பு இரண்டாமவருடையதைவிட அதிகம். எண்ணிக்கை முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முட்டை குறைந்தால் முயற்சிகள் கூடலாம், செலவும் கூடும். விந்தணுவுக்கும் இதில் பங்கு உண்டு, அதை ஏனோ வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இயல்பாகக் கருத்தரிக்க முயல்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவில் 30 முதல் 44 வயது வரையுள்ள, குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஏ.எம்.ஹெச் 0.7-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறையவில்லை.

[திரையில்: ஐந்தாம் நாள் கரு, 4ஏஏ]

அப்புறம் கருவுக்குப் போடும் கிரேடு. எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. முதல் எழுத்து குழந்தையாகப் போகும் செல்களுக்கு, இரண்டாவது நஞ்சுக்கொடியாகப் போகும் செல்களுக்கு. ஏ என்றால் சிறந்தது, பி அதற்கு அடுத்தது. எல்லாமே மைக்ரோஸ்கோப்பில் தெரியும் தோற்றம்தான், குரோமோசோம் அதில் தெரியாது. 4பிபி கருவிலும் நல்ல குழந்தைகள் பிறக்கின்றன. 5ஏஏ கருவும் ஒட்டாமல் போவதுண்டு.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் அலகைப் பாருங்கள். இந்தியாவில் பெரும்பாலும் நானோகிராம் கணக்கு. வேறு சில நாடுகளில் பிகோமோல். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 7 பிகோமோல். வெளிநாட்டு ரிப்போர்ட்டில் 7 பிகோமோல் என்றிருந்தால் இங்கே அது சுமார் 1 நானோகிராம். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் எண் இறங்கித் தெரியலாம், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.