அங்கோர் குரூப் டூர்: பணம் கட்டுறதுக்கு முன்னாடி டைம் டேபிளைக் கேட்டு வாங்குங்க

வணக்கம் மக்களே. கம்போடியாவுல அங்கோர் கோயில்களைச் சின்ன குரூப் டூர்ல சேர்ந்து பாக்குறதைப் பத்தித்தான் இன்னைக்கு வீடியோ. எந்த கம்பெனி நல்ல கம்பெனினு நான் சொல்லப் போறதில்ல. எந்தக் கோயிலுக்கு எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, உள்ள போனதும் எந்தப் பக்கமா நடக்க வைக்கிறாங்க, இந்த ரெண்டை வச்சே ஒரு டூரை எடை போட்டுடலாம். ஹோட்டலுக்கு எத்தனை ஸ்டார், பஃபேல எத்தனை ஐட்டம், அதெல்லாம் அப்புறம்.

முதல்ல 'சின்ன குரூப்'னா எத்தனை பேருன்னு கேளுங்க. 'சராசரியா 10 பேர்'னு போட்டிருந்தா நம்பாதீங்க. சராசரி வேற, உச்ச வரம்பு வேற. 'இத்தனை பேருக்கு மேல ஏத்த மாட்டோம்'னு எழுத்துல வரணும். அதே மாதிரி குறைஞ்சபட்சம் எத்தனை பேர் சேர்ந்தா டூர் கிளம்பும், சேரலைன்னா எத்தனை நாளுக்கு முன்னாடி சொல்லுவாங்க, இதையும் கேட்டுக்கோங்க. அது தெரியாம பிளைட் டிக்கெட் போட்டுட்டா நஷ்டம் உங்களுக்குத்தான். தனியா போறவங்க சிங்கிள் ரூமுக்குத் தனிக் கட்டணம் உண்டான்னு பாருங்க. விளம்பரத்துல இருக்குற விலை பெரும்பாலும் ரெண்டு பேர் ஒரு ரூம்னு வச்சுப் போட்ட கணக்கு.

ஆள் குறைவா இருக்குறதுல நிஜமான லாபம் வண்டியில இருக்கு. அங்கோர் தோம் கோட்டையோட வாசல் யானை போற அளவுக்குக் கட்டுன வாசல். பெரிய பஸ் அதுக்குள்ள போகாது, வெளியவே இறக்கி வண்டி மாத்தணும். வேன்னா நேரா உள்ள போயிடும். ரெண்டாவது, கைடோட குரல். அங்கோர் வாட் காலரிக்குள்ள, அதாவது சிற்பச் சுவர் ஓடுற நீள நடைக்கூடத்துல, பத்து குரூப் ஒரே நேரத்துல நிக்கும், பத்து கைடும் பத்து பாஷைல பேசுவாங்க. 12 பேருக்கு மேல போனா கடைசில நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் காதுல விழாது. காதுல மாட்டுற ஆடியோ செட் தர்றாங்களானு கேளுங்க.

இப்ப டிக்கெட். அங்கோர் பாஸ் மூணு வகை. ஒரு நாளுக்கு 37 டாலர், மூணு நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூணு நாள் பாஸை அடுத்தடுத்த நாள்லயே யூஸ் பண்ணணும்னு இல்ல, 10 நாளுக்குள்ள ஏதாவது மூணு நாள். ஏழு நாள் பாஸுக்கு ஒரு மாசம் டைம். பாஸ்ல உங்க போட்டோ இருக்கும், இன்னொருத்தருக்குக் கைமாத்த முடியாது. 12 வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம், ஆனா வயசைக் காட்ட பாஸ்போர்ட் வேணும். நிறைய டூர் விலைல இந்தப் பாஸ் சேர்ந்திருக்காது. 'நுழைவுக் கட்டணம் தனி'ன்னு அடியில பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. மூணு நாளுக்கு 62 டாலர்னா சின்னத் தொகை இல்ல, விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க.

பாஸை எப்ப எடுக்குறாங்கங்கிறது இன்னும் முக்கியம். சூரிய உதயம் பாக்குற அன்னைக்குக் காலைல இருட்டோட கவுண்ட்டர்ல போய் நின்னா, ஒவ்வொருத்தரா போட்டோ எடுத்து முடிக்கிறதுக்குள்ள வானம் வெளுத்துடும். விவரம் தெரிஞ்ச கைடு முதல் நாள் சாயங்காலமே கூட்டிட்டுப் போவார். 5 மணிக்கு மேல எடுத்தா அது மறுநாளுக்கான பாஸ், ஆனா அன்னைக்கு சாயங்காலமும் உள்ள விடுவாங்க. ஆன்லைன்லயும் வாங்கலாம். பாஸைத் தொலைச்சிடாதீங்க, கோயிலுக்குக் கோயில் செக் பண்ணுவாங்க.

சரி, அங்கோர் வாட். 12-ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில கெமெர் ராஜா, அதாவது அந்தக் கால கம்போடிய ராஜா, ரெண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டினது. அகழியே 190 மீட்டர் அகலம். நடுக் கோபுரம் 65 மீட்டர் உயரம். கோயில் மேற்கு பார்த்தது, இதை மனசுல வச்சுக்கோங்க. மேற்கு பார்த்த கோயில்ங்கிறதாலதான் காலைல சூரியன் கோபுரத்துக்குப் பின்னாடி எழும்புது. அதனாலதான் கோயிலுக்கு முன்னாடி இருக்குற குளத்தங்கரைல அவ்வளவு கூட்டம். அதே காரணத்தால காலைல எடுக்குற போட்டோல முகப்பு கருப்பா நிழலாத்தான் விழும். முகப்பு பொன்னிறமா வேணும்னா மதியத்துக்கு மேல வரணும். ஒரே நடைல ரெண்டும் கிடைக்காது.

உள்ள போறப்ப இடது கைப்பக்கம் இருக்குற குளம்தான் எல்லாரும் நிக்கிற இடம். 5 மணிக்கு வாசல் திறந்ததும் போனாத்தான் முன் வரிசை. டார்ச் எடுத்துட்டுப் போங்க, நடைபாதைல கல் ஏத்த இறக்கமா கிடக்கும். சூரியன் வந்ததும் பாதிக் கூட்டம் காலை டிபனுக்கு ஹோட்டலுக்குத் திரும்பிடும். நல்ல டூர் அந்த நேரத்துலதான் உங்களை உள்ள கூட்டிட்டுப் போகும். டைம் டேபிள்ல 'உதயம், பிறகு ஹோட்டலில் காலை உணவு, 9 மணிக்கு அங்கோர் வாட்'னு இருந்துச்சுன்னா, காலியா இருக்குற நேரத்தை விட்டுட்டு வெயிலும் கூட்டமும் சேர்ந்த நேரத்துல உள்ள போறீங்கனு அர்த்தம். டிபனைப் பொட்டலமா கட்டித் தரச் சொல்லுங்க.

இப்ப நடக்குற பக்கம். நமக்கு கோயில்னா கால் தானா பிரதட்சிணமாத்தான் திரும்பும், சாமி வலப்பக்கம் இருக்கணும். அங்கோர் வாட்ல புடைப்புச் சிற்பங்களோட வரிசை அதுக்கு நேர் எதிர். இடமா சுத்தணும், சுவர் உங்க இடது கைப்பக்கம் வரணும். இந்த அப்பிரதட்சிண வரிசையையும் மேற்கு வாசலையும் வச்சுத்தான், இது ராஜாவோட ஈமச்சடங்கை மனசுல வச்சுக் கட்டின கோயில்னு ஒரு கருத்து இருக்கு. எதிர்ப்பக்கமா சுத்தினா கதையைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிச்ச மாதிரி ஆயிடும்.

மேற்கு வாசல்ல நுழைஞ்சு வலது பக்கம் திரும்புனா குருக்ஷேத்திரம். இடப்பக்கம் இருந்து கௌரவர் படை வருது, வலப்பக்கம் இருந்து பாண்டவர் படை. ஓரத்துல ஒழுங்கா அணிவகுத்து வர்ற வீரர்கள், நடுவுல நெருங்க நெருங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து கலவரமாகுறதைப் பாருங்க. அம்புப் படுக்கைல பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடிங்க. மூலை திரும்புனா தெற்குச் சுவர். அங்க சூரியவர்மனே யானை மேல நிக்கிறார், சுத்தி 15 குடை. குடை எண்ணிக்கையை வச்சுத்தான் யார் எவ்வளவு பெரிய ஆள்னு தெரிஞ்சுக்கணும். ஊர்வலத்தோட முன்னாடி போற சியாம் படை மட்டும் தலையை அங்க இங்க திருப்பிட்டு, கால் ஒத்து வராம போகும். சிற்பி வேணும்னே பண்ணின குறும்பு அதுன்னு எனக்குத் தோணும்.

அடுத்தது எமலோகம். 37 சொர்க்கம், 32 நரகம். எருமை மேல பல கைகளோட எமன், கூடவே சித்ரகுப்தன். இந்தச் சுவர் நமக்குப் பாத்ததுமே புரியும், கைடே தேவையில்ல. அப்புறம் கிழக்குச் சுவர்ல பாற்கடல் கடைதல், கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளம். இடப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள், நடுவுல விஷ்ணு, அடியில ஆமை. கடலுக்குள்ள மத்துக்குப் பக்கத்துல இருக்குற மீன்களை உத்துப் பாருங்க, சுழற்சி வேகத்துல துண்டு துண்டா அறுபட்டுக் கிடக்கும். இது கிழக்குச் சுவர்ங்கிறதால காலை வெளிச்சம்தான் நல்லது. சுவரைத் தொடாதீங்க. அங்கங்க கல் கன்னங்கரேல்னு பளபளக்குதே, அது பல வருஷமா மனுஷக் கை பட்டு வந்த பளபளப்பு.

மேல் தளத்துக்கு பாகான்னு பேரு. ஒரு நேரத்துல 100 பேரைத்தான் விடுவாங்க, அதனால க்யூ நிக்கும். தோளும் முட்டியும் மறையணும். கையில்லாத சட்டை மேல துப்பட்டாவைப் போத்திட்டுப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க, கை வச்ச சட்டையே போட்டுட்டுப் போயிடுங்க. தொப்பியைக் கழட்டணும். 12 வயசுக்குக் கீழ அனுமதி இல்ல. பௌத்தப் புனித நாள்கள்ல, பௌர்ணமி அமாவாசை மாதிரி மாசத்துல நாலு நாள், பாகான் மூடிடும். டூர் தேதியை காலண்டரோட ஒத்துப் பாருங்க. ஒரே ஒரு நாள் டூர்ல போய் அது அந்த நாளா அமைஞ்சுட்டா ஒண்ணும் பண்ண முடியாது.

அங்கோர் தோம்ல பாயோன் கோயில்னா எல்லாரும் கோபுர முகங்களைப் பாத்துட்டு வந்துடுறாங்க. ஏழாம் ஜெயவர்மன் கட்டினது. வெளிச் சுவர்ல, தெற்குப் பக்கத்துல சாம் படையோட, அதாவது இன்னைக்கு வியட்நாம் இருக்குற பக்கத்துச் சம்பா நாட்டுப் படையோட, நடந்த படகுச் சண்டை இருக்கு. அதுக்கு அடியில இருக்குற வரிசைல சந்தை, சேவல் சண்டை, சமையல், பிரசவம்னு சாதாரண சனங்க வாழ்க்கை மொத்தமும் செதுக்கி வச்சிருக்காங்க. பாயோனுக்கு அரை மணி நேரம்தான்னு டைம் டேபிள்ல இருந்தா முகத்தை மட்டும்தான் காட்டுவாங்க. ஒண்ணேகால் மணி நேரமாவது வேணும். தா புரோம், அதான் மரவேர் கோயில், 1186-ல ஜெயவர்மன் தன் அம்மா நினைவா எழுப்பினது. இந்தியத் தொல்லியல் துறையும் அங்க புனரமைப்புல வேலை பாத்திருக்கு. காலைல சீக்கிரம் போங்க. 10 மணிக்கு மேல வேருக்கு முன்னாடி போட்டோ எடுக்கவே வரிசை நிக்கும்.

11 மணில இருந்து 2 மணி வரை வெயில்ல கல் சுடும். அந்த நேரத்தை ஓய்வுக்கோ அருங்காட்சியகத்துக்கோ விட்டிருந்தா அந்த டூரைப் போட்டவருக்கு இடம் தெரியும்னு அர்த்தம். சாயங்காலம் புனோம் பாக்கெங் குன்றுல அஸ்தமனம்னு போட்டிருப்பாங்க. மேல 300 பேருக்குத்தான் இடம். 4 மணிக்கே போய்ச் சேர்ந்தா சரி, இல்லன்னா அடியிலயே நிக்க வேண்டியதுதான். என்னைக் கேட்டா அந்த நேரத்தை பிரே ரூப் கோயில்ல செலவழிப்பேன்.

வந்து சேர்றதைப் பத்திச் சுருக்கமா. அங்கோருக்குப் பக்கத்து ஊர் சியம் ரீப். அதோட புது ஏர்போர்ட் 2023-ல திறந்தது, ஊர்ல இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல தூரம். பிக்-அப் சேர்த்தியான்னு கேளுங்க. விசா தேவைப்படுற பாஸ்போர்ட்னா வந்து இறங்கி எடுக்குற டூரிஸ்ட் விசா 30 டாலர். அது போக இ-அரைவல் படிவத்தை வர்றதுக்கு முந்தைய 7 நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், அதுக்குக் காசு கிடையாது. காசு கேக்குற தளம் போலி. செலவுக்கு டாலரும் ஓடும், ரியலும் ஓடும், ஒரு டாலர் சுமார் 4,000 ரியல். ஓரம் லேசா கிழிஞ்ச டாலர் நோட்டைக்கூட கடைல வாங்க மாட்டாங்க. மீதி வாங்கும்போது நோட்டை விரிச்சுப் பாத்து வாங்குங்க.

கடைசியா பாந்தே ஸ்ரெய். இதைச் சேர்க்காத டூரை நான் கணக்குலயே எடுத்துக்க மாட்டேன். 967-ல குடமுழுக்கு ஆன சிவன் கோயில், ராஜா கட்டினது இல்ல, யக்ஞவராகன்ங்கிற அரச குரு கட்டினது. சிவப்பு மணற்கல், மரத்துல செதுக்குன மாதிரி நுணுக்கம். மத்த கோயில்கள்ல இருந்து தூரமா இருக்குறதால டுக்-டுக்ல போனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், தூசி வேற, வேன் இருந்தா நல்லது. கிழக்கு முகச் சிற்பங்களுக்குக் காலை வெளிச்சம் வேணும். 'நூலகம்'னு சொல்ற ரெண்டு சின்னக் கட்டடத்துல தெற்கு நூலகத்தோட கிழக்கு முகப்புல ராவணன் கைலாயத்தை அசைக்கிறான், சுத்தி இருக்குற மிருகமெல்லாம் மிரண்டு ஓடுது. உள் சுற்றோட கிழக்குக் கோபுர வாசல் முகப்புல சிவன் ஆடுறார். அவர் காலடியில ஓரமா, எலும்பும் தோலுமா உக்காந்திருக்குற பொம்பளையைத் தேடுங்க. ஆய்வாளர்கள் அடையாளம் சொல்றது காரைக்கால் அம்மையாரை. 'பேயார்'னு தன்னைச் சொல்லிக்கிட்ட நம்ம அம்மையார், கடல் தாண்டி கெமெர் கல்லுல. நிறைய கைடுங்க இதை வெறும் 'ஒரு பக்தை'னு சொல்லிட்டு நகர்ந்துடுவாங்க. முதல் நாளே கைடு கிட்ட பேரைச் சொல்லி வைங்க, அந்த வாசல் முன்னாடி அஞ்சு நிமிஷம் குரூப்பை நிறுத்தச் சொல்லுங்க. உருவம் சின்னது, உயரத்துல இருக்கு, போன் கேமரால ஜூம் பண்ணிப் பாருங்க.