அரை கிலோ உருளைக்கிழங்கும் ஏழு மூடிகளும்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணி நண்பர்களுக்கு வணக்கம். மணி ஒன்பதரை ஆகியும் பிள்ளைகளை மடியில் தூங்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தனி வணக்கம்.

வளரும் பிள்ளைகளின் உடம்பைக் காப்பது காய்கனியின் அளவா, வகையா? நான் வகை அணி. எதிரணித் தலைவர் இப்போதுதான் பேசிவிட்டு உட்கார்ந்தார், பலத்த கைதட்டல். என்ன சொன்னார்? "எம் பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். தினமும் அரை கிலோ உருளைக்கிழங்கு வறுவலை ஒத்தை ஆளாக் காலி பண்றான். உலக சுகாதார நிறுவனம் 400 கிராம்தான் கேக்குது. எம் புள்ள நூறு கிராம் சேர்த்தே குடுக்கிறான்!" பந்தலே குலுங்கியது. அதோடு விட்டாரா? எங்கள் பக்கம் திரும்பி, "பத்து வகைக் காய் வாங்கணும்னா பத்து பர்ஸ் வேணும். வகைங்கிறது வசதி உள்ளவங்க பேச்சு" என்று ஒரு போடு போட்டார். அதற்கும் கைதட்டல்.

முதலில் உருளைக்கிழங்கை முடித்துவிடுகிறேன். ஐயா, 400 கிராம் என்று சொன்ன அதே உலக சுகாதார நிறுவனம், உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி மாதிரி மாவுக் கிழங்குகளை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. அரை கிலோ தின்றும் உங்கள் மகன் கணக்கில் இன்றைய வரவு பூஜ்யம்! நாளைக்கு ஒரு கிலோ தின்றாலும் பூஜ்யம்தான். இப்போது தட்டுங்கள் கையை.

சரி, பிள்ளைகளின் உடம்பை எதிலிருந்து காப்பது? விளையாடும்போது முட்டி தேய்ந்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். அதுதான் அழற்சி. அது நமக்கு நல்லது செய்ய வருவது, வேலை முடிந்ததும் அடங்கிவிடும். ஆனால் அடங்காத அழற்சி ஒன்று உண்டு. நீறு பூத்த நெருப்பாக உள்ளேயே கிடக்கும். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. கல்லீரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதத்தை, லேப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. என்று போடுவார்களே, அதை நுட்பமாக அளந்தால்தான் தெரியும். பெரியவர்களுக்கு அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 3-ஐத் தாண்டி அப்படியே நின்றால் இதய மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். உடல் எடை மிகவும் கூடிய பிள்ளைகளிடம் பதினைந்து, பதினாறு வயதிலேயே இது கூடிக் காணப்படுகிறது. கொழுப்புத் திசுவே இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரந்து கல்லீரலைத் தூண்டுகிறது. நாற்பது வயதில் சர்க்கரை வந்துவிட்டது, இதயத்தில் அடைப்பு வந்துவிட்டது என்று அழுகிறோமே, அதற்கான வேலை பள்ளிக்கூட வயதிலேயே தொடங்கிவிடலாம்.

இதில் வகைக்கு என்ன வேலை? அழற்சியைத் தணிக்க உதவக்கூடிய பொருள்கள் காய்க்குக் காய் வேறு. தக்காளியின் சிவப்பு லைகோபீன். கேரட், பரங்கி, பப்பாளியின் மஞ்சள் கரோட்டின். நாவல் பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கும் ஊதா ஆந்தோசயனின். பீட்ரூட்டின் சிவப்பு வேறு சாதி, பீட்டாலைன். வெங்காயத்தில் குவர்செட்டின். ஒரே காயை மூட்டை மூட்டையாகத் தின்றாலும் இன்னொன்றில் இருப்பது அதில் வந்துவிடாது. குடலும் அப்படித்தான். அங்கே வாழும் நுண்ணுயிரிகளில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு வகை நார் வேண்டும். அவை நாரைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற பொருளைத் தருகின்றன. அது குடல் சுவருக்கு உணவு, அழற்சியை அடக்கவும் உதவுகிறது. 2018-இல் வெளியான அமெரிக்கக் குடல் ஆய்வில், வாரத்துக்கு 30 வகைக்கு மேல் தாவர உணவு சாப்பிட்டவர்களின் குடலில், 10 வகைக்குள் நின்றவர்களைவிட நுண்ணுயிர்களின் வகை கூடுதலாக இருந்தது.

"அளவுக்கும் ஆய்வு இருக்கிறதே" என்று எதிரணியில் ஒருவர் சைகை காட்டுகிறார். இருக்கிறது, மறுக்கவில்லை. 2009-இல் அமெரிக்காவில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில், காய்கனி கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடம் அழற்சிக் குறியீடுகள் குறைவாக இருந்தன. ஆனால் அளவையும் வகையையும் தனித்தனியாகப் பிரித்து நிறுத்திப் பார்த்தது எது? பாஸ்டனில் வாழும் புவெர்ட்டோ ரிக்கோ மக்களிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு. அவர்கள் நடு வயதினரும் முதியவர்களும், அதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே சி.ஆர்.பி. குறைவாக இருந்ததோடு சேர்ந்து வந்தது காய்கனியின் வகை. அளவு அல்ல! ஐயா, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மீதியை நீங்கள் எழுத வேண்டாம், கேட்டால் போதும்.

ஏனென்றால் இனி அந்தப் பத்து பர்ஸுக்கு வருகிறேன்.

நான் ஒரு அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பிளஸ் ஒன் பெண்கள் ஏழு பேர் மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவார்கள். ஏழு பேர், ஏழு டப்பா, ஏழு மூடி. டப்பாவில் சோறும் குழம்பும் அவரவருக்கு. மூடியைத் திருப்பி வட்டத்தின் நடுவில் வைத்து, அவரவர் வீட்டுப் பொரியலை அதில் கொட்ட வேண்டும். ஒரு மூடியில் பீட்ரூட். ஒன்றில் அவரைக்காய். ஒன்றில் கோவைக்காய் வறுவல், ஒன்றில் புடலங்காய்க் கூட்டு, ஒன்றில் முட்டைக்கோஸ், ஒன்றில் வாழைத்தண்டு. ஏழாவது மூடியில்... வருகிறேன், அவசரப்படாதீர்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு தலைவி உண்டு. ஒல்லியாக இருப்பாள், குரல் மட்டும் பஸ் கண்டக்டர் குரல். அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: எல்லா மூடியையும் ஒரு சுற்று தொட்டு முடித்த பிறகுதான் பிடித்த மூடிக்கு இரண்டாவது தடவை கை போக வேண்டும். யாராவது மறந்துபோய்ப் பீட்ரூட்டிலேயே கையை வைத்தால், "ஏய், சுத்து முடிச்சியாடி?" என்று ஒரு அதட்டல். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கே கை நின்றுவிடும்.

இப்போது ஏழாவது மூடி. அதில் என்ன தெரியுமா? பாகற்காய்!

ஒருத்தி இருந்தாள், பாகற்காய் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆறு மூடியை முடித்துவிட்டு ஏழாவதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்ப்பாள். தலைவி விடுவாளா? "சுத்து!" உடனே மற்ற ஐந்து பேரும் சேர்ந்து, "சுத்து! சுத்து!" பக்கத்து மரத்தடியில் சாப்பிடும் பிளஸ் டூ பிள்ளைகளும் தட்டைத் தட்டிக்கொண்டு, "சுத்து! சுத்து! சுத்து!" பள்ளிக்கூடமே பார்க்கும்போது என்ன செய்வாள்? கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே ஒரு வில்லையை வாயில் போடுவாள். கைதட்டல் எழும் பாருங்கள், எதிரணித் தலைவர் இன்று வாங்கியதைவிட அதிகம்.

மறுநாளும் அதே சுற்று. அடுத்த வாரமும் அதே சுற்று. பருவத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் வந்தது. அவளுடைய அம்மா நேராக என்னிடம் வந்தார். "டீச்சர், எனக்கு ஒரு ஞாயம் சொல்லுங்க. பதினாறு வருசமா எங்க வீட்ல இவ பாவக்காயத் தொட்டதில்ல. இவ அப்பாவுக்கே வாங்குறத விட்டுட்டேன். இப்ப வந்து, 'நம்ம வீட்ல மட்டும் ஏம்மா பாவக்காயே செய்ய மாட்டேங்குறே'ன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்றா. இவளுக்கு யாரு வீட்ல டீச்சர் ருசி காட்டுனா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் தலைவியின் அம்மா. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டு மூடிதான்" என்றார்!

எதிரணித் தலைவர் அவர்களே, கணக்குப் போடுவோமா? ஏழு அம்மாக்கள் காலையில் எத்தனை காய் நறுக்கினார்கள்? ஆளுக்கு ஒன்று. பிள்ளைகள் மதியம் எத்தனை காய் சாப்பிட்டார்கள்? ஆளுக்கு ஏழு. பர்ஸ் எத்தனை? வீட்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் மாசக் கடைசிப் பர்ஸ்.

வகை வசதி உள்ளவர்கள் பேச்சு என்றார். அந்தி மங்கும் நேரத்தில் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? இரண்டு கத்தரி, ஒரு முருங்கை, ஒரு வாழைக்காய், ஒரு கீற்றுப் பரங்கி என்று கூறு கட்டி வைத்திருப்பார்கள். ஒரே காயில் கால் கிலோ வாங்கக் கையில் காசில்லாத வீட்டில்தான் ஒவ்வொன்றிலும் ஒன்றைப் போட்டுக் கதம்பக் குழம்பு கொதித்தது. திருவாதிரைக் களிக்குத் தொட்டுக்கொள்ள ஏழுகறிக் கூட்டு வைத்தது யார்? தைப் பொங்கலுக்குச் சிறுகிழங்கும் மொச்சையும் பரங்கியும் அவரையும் ஒரே சட்டியில் போட்டது யார்? காட்டில் வேலை செய்தவர்கள். 1999-இல் இதே மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே கடை போட, சுண்டைக்காயும் அகத்திக்கீரையும் வாழைப்பூவும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டின. நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இன்று ஹைதராபாத்தில் இருக்கிறது, ஆனால் 1918-இல் அது பிறந்தது நம்ம குன்னூரில். அவர்கள் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு நாள் உணவு குறைந்தது எட்டு உணவுக் குழுக்களிலிருந்து வர வேண்டும் என்கிறது. எட்டு வகைச் சோறு தின்னச் சொல்லவில்லை ஐயா!

உங்கள் மகனுக்கு நாளைக்கும் உருளைக்கிழங்கே வைத்து அனுப்புங்கள், பரவாயில்லை. மூடியைத் திருப்பி வைக்கும் நண்பர்கள் ஆறு பேரோடு உட்காரச் சொல்லுங்கள். அது போதும்.

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, இரண்டே நிமிடம். எட்டாவது மூடியைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அதே வகுப்பில் இன்னொரு பெண். மரத்துக்கு அந்தப் பக்கம் தனியாக உட்காருவாள். மூடியைச் சாய்த்து டப்பாவை மறைத்துக்கொண்டே சாப்பிடுவாள். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். வீட்டு வாசலில் ஒரு முருங்கை மரம். திங்கள் முருங்கைக்கீரை, செவ்வாய் முருங்கைக்கீரை, வெள்ளியும் அதே. பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தபோது அவளுக்கு இரத்தசோகை என்றார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2019 முதல் 2021 வரை பார்த்ததில், இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது, இவள் தினமும் சாப்பிட்டாள். பிறகு ஏன்? கீரையின் இரும்பு உடம்பில் நன்றாகச் சேர வைட்டமின் சி துணை வேண்டும். ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே அழற்சி இருந்தாலோ, கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து இரும்பை உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிடும். அளவு இருந்தது ஐயா, அந்தப் பிள்ளையின் டப்பா நிறையக் கீரை இருந்தது. துணைக்குத்தான் ஒன்றும் இல்லை.

சத்து மாத்திரை கொடுத்தார்கள், அது தேவைதான். ஆனால் ஒரு நாள் அந்தத் தலைவி எழுந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போனாள். பரிதாபப்பட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க ஏழு மூடியில ஒண்ணுலயும் கீரை இல்லடி. உன்னைய விட்டா எங்களுக்கு யாரு குடுப்பா? வா" என்றாள். அவள் வந்தாள். பள்ளி வாசலில் பாட்டி விற்கும் நெல்லிக்காயை ஒருத்தி வாங்கி எட்டுத் துண்டாக்கினாள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா வந்தார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு, சிமெண்ட் படிந்த கையோடு வந்தார். "டீச்சர், எம் புள்ள ஒரு நாளும் கீரை வேணாம்னு சொன்னதில்ல. அதுக்குப் புடிக்கும்னு நெனச்சுத்தான் அதையே வச்சேன். வேற கேட்டா அம்மா எங்க போவானு அது வாயே தொறக்கலைன்னு இப்பத்தான் தெரியுது." இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப ரெண்டு கை கூடவே பறிக்கிறேன் டீச்சர். எட்டுப் புள்ளைங்கள்ல?"

நடுவர் ஐயா, என் வாதம் எல்லாம் இருக்கட்டும், சி.ஆர்.பி. இருக்கட்டும், பாஸ்டன் இருக்கட்டும். அந்த அம்மா விடியற்காலையில் கூடுதலாகப் பறிக்கும் அந்த இரண்டு கைக் கீரைக்காகக் கேட்கிறேன். வகை பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.