கேட்பவர் வெளியே நிற்க வேண்டிய அறை

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். காது கேளாதோர் சைகையில் பேசுவதை வீடியோவில் பதிவு செய்யும் சைகை மொழி ஆய்வுக்கூடத்தில் அது எவ்வளவு இரைந்தாலும் கவலையில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் இரண்டு மணி நேரம் யாரையும் உட்கார வைக்கவும் முடியாது. ஒன்றே ஒன்று: விசிறி டியூப்லைட்டுக்குக் கீழே சுற்றக் கூடாது. சுற்றினால் இறக்கைகளின் நிழல் கைகள்மேல் வெட்டி வெட்டி விழும். ஓரமாக ஒரு ஸ்டாண்டு ஃபேன் போதும்.

பல்கலைக்கழகச் சைகை மொழி ஆய்வுக்கூடத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலை என்றால் கோப்பும் கடிதமும்தான் பலர் நினைவுக்கு வரும். அதுவும் உண்டு. ஆனால் பதிவு உருப்படுவதும் உருப்படாததும் இதுபோன்ற சில்லறை விஷயங்களில்தான் இருக்கிறது.

நாற்காலிக்குக் கைப்பிடி இருக்கக் கூடாது, முழங்கை இடிக்கும். சட்டை ஒரே நிறத்தில், தோல் நிறத்திலிருந்து நன்றாக விலகியதாக இருக்க வேண்டும். கட்டமும் கோடும் வேண்டாம். கலகலக்கும் வளையலைக் கழற்றி வைக்கச் சொல்வது சத்தத்துக்காக அல்ல, மினுமினுப்புக்காக. ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கருத்துவிடும். சட்டகத்தில் தலைக்கு மேல் ஒரு சாண் இடம், கீழே இடுப்பு வரை, இரு பக்கமும் முழங்கை விரிய இடம்.

அடுத்தது கேமரா. நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை துடிக்கும். கேமராவை 60 பிரேமில், அதாவது வினாடிக்கு 60 படமாக, ஓட விட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஏறி இறங்கும். 50 பிரேம், ஷட்டர் நூறில் ஒரு பங்கு வினாடி என்று வைத்தால் சரியாகிவிடும். 25 பிரேமில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 40 மில்லி வினாடி இடைவெளி. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் காட்டி விரலால் எழுத்துக் கூட்டும் வேகத்துக்கு அது போதாது. நடுவில் ஓர் எழுத்தே காணாமல் போகும். இந்திய சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையாலும் கூட்டுவார்கள் என்பதால் ஒரு கை மற்றதை மறைக்கும் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது.

மூன்று கேமராக்களின் பதிவுகளையும் பின்னால் நேரம் பிசகாமல் பொருத்த, தொடக்கத்தில் அறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். காது கேளாதோர் ஒருவரை ஒருவர் கூப்பிடவும் விளக்கைத்தான் அணைத்துப் போடுகிறார்கள். எனவே யாருக்கும் அது விநோதமாகத் தெரியாது.

எல்லாம் தயாரான பிறகு, காது கேட்கும் ஒருங்கிணைப்பாளர் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வதல்ல. காது கேட்பவர் எதிரே நின்றால் சைகை செய்பவர் அவருக்குப் புரியட்டும் என்று தமிழ் வாக்கிய வரிசைக்கு மாறிவிடுகிறார். "எங்கே போறீங்க" என்று நாம் கேட்கிறோம். இந்திய சைகை மொழியில் கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். 'எங்கே' என்பதற்கு இடம் என்ற சைகையோடு கேள்விச் சைகை சேரும். 'யார்' என்பதற்கு முகம், பிறகு கேள்வி. நமக்காக வரிசையை மாற்றிச் செய்தால் பதிவில் இருப்பது கைகளால் சொன்ன தமிழ். ஆகவே உள்ளே இருந்து உரையாடலை நடத்த வேண்டியவர் காது கேளாத ஆய்வாளர்தான். அப்படி ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தாத கூடத்தின் பதிவுகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

என்ன காட்டிப் பேச வைப்பது? சொல்லை எழுதிக் காட்டினால் அந்தச் சொல்லுக்கு ஒரு சைகை கிடைக்கும், பேச்சு கிடைக்காது. படம் காட்டலாம், அதுவும் இந்த ஊர்ப் படமாக: களத்தில் காயும் ஜவ்வரிசி, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை. வெளிநாட்டிலிருந்து வரும் படத்தொகுப்புகளில் பனிமனிதனும் புகைபோக்கியும் இருக்கும். அதை வைத்து இங்கே யாரும் ஆசையாகப் பேச மாட்டார்கள். டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி 2021-இல் 10,000 சொற்களை எட்டியது. நல்ல துணை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு "நீங்கள் செய்தது தவறு" என்று பதிவுக்கு வந்தவரைத் திருத்தப் போனால், அவரிடம் இருக்கும் சேலத்துச் சைகை நமக்குக் கிடைக்காது.

ஒப்புதல் படிவம் தனிக் கதை. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு தமிழில் இரண்டு பக்கம் கேட்கும். பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி என்பதால், விளக்கத்தைச் சைகையிலேயே பதிவு செய்து காட்டி, சம்மதத்தையும் சைகையிலேயே வாங்க வேண்டும். முகத்தை மங்கலாக்கிவிடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்பார். அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது. தமிழில் 'வந்தார்', 'வந்தாரா' இரண்டுக்கும் வேறுபாடு அந்த 'ஆ'. சைகையில் அந்த 'ஆ' கையில் இல்லை. விரிந்த கண்ணிலும் உயர்ந்த புருவத்திலும் சற்றே முன்னால் சாயும் தலையிலும் இருக்கிறது. முகத்தை மறைத்தால் கேள்வி போய்விடும். ஆகவே ஆய்வாளர் மட்டும் பார்க்கலாமா, வகுப்பில் காட்டலாமா, இணையத்தில் போடலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குவதே வழி.

ஏற்காட்டில் பதிவு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய பிறகு வேறு தொல்லை. பனிமூட்டம் வந்து போக வெளிச்சம் மாறும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் முகம் வெளுத்துக் கருத்துத் துடிக்கும். கேமராவின் அமைப்புகள் எல்லாவற்றையும் கையாலேயே ஒரே நிலையில் வையுங்கள். மலைக் குளிரில் இருந்த கேமராவைச் சேலத்தில் இறங்கியதும் பையிலிருந்து எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள். இன்னொன்று: பள்ளிக்கே போகாத காது கேளாத பெரியவர்கள் வீட்டாரோடு மட்டும் பேசிப் பழகிய சைகை, வீட்டுச் சைகை. அதை இந்திய சைகை மொழிக் கோப்பில் கலந்துவிடக் கூடாது.

திரும்பி வந்ததும் கணக்கு: வினாடிக்கு 50 மெகாபிட் பதிவு, மணிக்கு 22.5 ஜிபி. மூன்று கேமரா, இரண்டு மணி நேரம் என்றால் 135 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏறி, திறந்து பார்த்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்கலாம்.

பிறகு குறிப்பெழுதுதல், அதாவது பதிவின் எந்த நொடியில் எந்தச் சைகை என்று எழுதி வைப்பது. நெதர்லாந்தின் நெய்மேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இலவசமாகத் தரும் 'எலான்' மென்பொருளில் வலக்கைக்கு ஒரு வரி, இடக்கைக்கு ஒரு வரி, புருவம், வாய், மொழிபெயர்ப்பு என்று அடுக்குவார்கள். ஒரு நிமிடப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஆவது சாதாரணம். இங்கே கெடுவது சைகைக்கு எழுதும் பெயரில். வேலை முடிந்ததைக் காட்டும் ஒரே சைகைக்கு ஒருவர் 'ஆச்சு' என்றும், மற்றவர் 'முடிந்தது' என்றும் எழுதினால், பின்னால் தேடும்போது பாதிதான் அகப்படும். 'படி' என்று மட்டும் எழுதினால் படிக்கட்டா, படிப்பா? ஒரு சைகைக்கு ஒரே பெயர். பட்டியல் ஒருவர் பொறுப்பில். பத்தில் ஒரு பதிவை இருவர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட வேண்டும். கை எழும்பும்போது சைகை தொடங்குகிறதா, விரல் வடிவம் அமைந்த பிறகா என்ற சண்டை அப்போதுதான் வெளியே வரும்.

கடைசியாகப் பணம். வந்தவருக்கு மதிப்பூதியமும் பஸ் கட்டணமும் அன்றே கையில் கொடுக்க, முன்பணம் முந்தின வாரமே எடுத்திருக்க வேண்டும். கணக்குப் பிரிவு பயணச்சீட்டைக் கேட்கும். ஆகவே அவர் ஊரில் பஸ் ஏறும் முன்பே, "டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்" என்று வீடியோ அழைப்பில் சைகையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.