மூன்று சொட்டு இரசம்

நடுவர் அவர்களே, ‘திருச்சபை வாழ்வைத் தாங்குவது பிரசங்கமா, நற்கருணையா?’ என்பது தலைப்பு. இயேசு சொன்னபடி அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் பந்திதான் நற்கருணை. நான் நற்கருணை அணி. முன்னே பேசிய எதிரணி நண்பர், “பிரசங்கம்தான் ஆளை மாற்றும், அப்பமும் இரசமும் சடங்கு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நன்றாகவே பேசினார். பிரசங்கத்தின் பக்கம் நிற்பவர் பேச்சில் சோடை போனால்தான் ஆச்சரியம்!

சரி, எம்மாவு என்ற ஊருக்குப் போகிற வழிக்கு வாருங்கள். லூக்கா நற்செய்தி, 24-ஆம் அதிகாரம். உயிர்த்த இயேசு இரண்டு சீடர்களோடு நடந்துகொண்டே, மோசே தொடங்கி இறைவாக்கினர் வரை மறைநூலை விளக்குகிறார். அவரை விடப் பெரிய பிரசங்கி உண்டா? ஆனாலும் கூட வருவது யாரென்று அந்த இருவருக்கும் தெரியவில்லை. பந்தியில் அமர்ந்து அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். அப்போதுதான் கண் திறந்தது. “வழியிலேயே உள்ளம் பற்றி எரிந்ததே” என்று எதிரணி குறுக்கே வரும். எரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதையே அவர்கள் சொன்னது அப்பம் பிட்ட பிறகுதானே!

அப்புறம், “இந்தப் பந்தியால்தானே சபை பிளந்தது” என்றார் எதிரணி நண்பர். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் பேச உட்கார்ந்தார்கள். 15 அம்சங்களில் 14-இல் ஒத்துப்போனார்கள். நற்கருணையில் முட்டிக்கொண்டார்கள். அப்பத்தைக் கொடுத்து இயேசு சொன்ன ‘இது என் உடல்’ என்ற வார்த்தையை லூத்தர் மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதியே வைத்துவிட்டார். வெறும் சடங்குக்காக இப்படி மல்லுக்கு நிற்பார்களா?

இரண்டாம் நூற்றாண்டில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஞாயிறு கூடுகையை விவரிக்கிறார். வாசிப்பும் போதனையும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வர முடியாதவர்களுக்கு என்ன கொடுத்தனுப்பினார்கள்? அப்பத்தை.

வியட்நாம் பேராயர் வான் துவான் 1975-இல் கைதானார். 13 ஆண்டு சிறை. பிரசங்க மேடை போயிற்று. ‘வயிற்று நோய்க்கு மருந்து’ என்று எழுதிய புட்டியில் விசுவாசிகள் திராட்சை இரசம் அனுப்பினார்கள். உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். அதுதான் பீடம், அதுதான் கிண்ணம். பிறகு கைதிகள் முகாமில், இரவு விளக்கு அணைந்ததும் குனிந்து, மனப்பாடமாகத் திருப்பலி என்னும் நற்கருணை வழிபாடு. சிகரெட் பெட்டித் தாளில் மடித்த நற்கருணை, கொசுவலைக்கு அடியில் கைமாறிப் போகும்.

அந்த இருட்டில் சபை எதைச் சுற்றிக் கூடியது? எதிரணியிலிருந்து அடுத்து வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும், நடுவர் அவர்களே.