1,450 ரூவாப் பல்லாங்குழியும் ரெண்டு முத்தும்

எல்லாருக்கும் வணக்கமுங்க. திங்கக்கெழமைன்னா சந்தை வீடியோதான் வரும்னு பாத்துட்டு இருப்பீங்க. இந்த வாரம் கெடையாதுங்க, கடுப்புல இருக்கறன்.

ஆன்லைன்ல ஒரு பல்லாங்குழி வாங்குனன். 1,450 ரூவா! அனுப்பற செலவு 80 தனி. ஏன் இத்தன எச்சுன்னு பாத்தா, அட்டையில 'மாண்டிசோரி பொம்மை'ன்னு போட்டிருக்குது. மாண்டிசோரிங்கறது ஒரு இத்தாலிக்காரம்மா பேருங்க. அந்தம்மா 1907ல ரோம்ல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சவங்க, 1939ல மெட்ராஸ் அடையாறுக்கே வந்து டீச்சருங்களுக்குப் பயிற்சி குடுத்தவங்க, எல்லாஞ் செரி. எங்கம்மா பாவாட கட்டுன காலத்துல வெளையாடுனதுக்கு அவங்க பேரெதுக்குங்க?

அட, எதுக்கு வாங்குனன்னே சொல்லுல பாருங்க. ப்ளே ஸ்கூல்ல பையனுக்குப் பென்சில் பிடி வல்ல, தெனம் நாலு பக்கம் எழுத வைங்கன்னாங்கன்னு போன வீடியோல பொலம்புனனல்ல? நாலு வயசுங்க அவனுக்கு! 2020 கல்விக் கொள்கையே 3லருந்து 8 வயசு வரைக்கும் வெளையாட்டு வழியாச் சொல்லிக் குடுங்கன்னுதான் சொல்லுது. இவன் நூறு வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பான். "அஞ்சு கடலக்கா எடுத்துட்டு வா சாமி"ன்னா ஒரு கை அள்ளிட்டு வருவான்.

பல்லாங்குழிக்கு ரெண்டு பக்கமும் ஏழேழு, 14 குழி. குழிக்கு அஞ்சு முத்து, மொத்தம் 70. எங்கம்மா அவன உக்கார வெச்சு ஒவ்வொண்ணாப் போடச் சொன்னாங்க. கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும் சேத்துக் கிள்ளி எடுக்கறானுங்க. பென்சிலுக்கும் அந்த வெரலுதான வேணும்? ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுட்டே கடைசிக் குழிக்கு வந்தான். மூணு போட்டான். பெட்டியக் கவுத்துப் பாத்தான். பாயத் தூக்கிப் பாத்தான். "அம்மிச்சி, இன்னும் ரெண்டு வேணும்"ங்கறான்! நான் போட்ட சத்தத்துல வாசல்ல இருந்த கோழியெல்லாம் ஓடிப்போச்சு.

1,450 வாங்கிட்டு 68 முத்துங்க! அதும் ப்ளாஸ்டிக்கு. எங்கம்மா அதத் தூக்கி அக்கட்டால வெச்சுட்டுப் புளியங்கொட்டையக் கொண்டாந்தாங்க, காசா பணமா. ஆங், மறந்தே போச்சு, மூணு வயசுக்குக் கீழ பொடுசு இருந்தா முத்து, கொட்டை எதையும் கையில குடுத்துராதீங்க, வாயில போட்டுக்கும்.

இப்ப தெனம் சாயங்காலம் ஆட்டந்தானுங்க. ஒரு குழியில நாலு சேந்தா அதுக்குப் பேரு பசு, அள்ளிக்கலாம். முன்னெல்லாம் அம்மிச்சி முறையிலயும் கைய விட்டு அள்ளிருவான். இப்பத் தன்முறை வரட்டும்னு கைய மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறான்.

கடைக்காரங்களுக்குப் போன் போட்டனுங்க. "நல்லா எண்ணிப் பாத்தீங்களா மேடம்?"ங்கறாங்க.

போனப் பையன் கையில குடுத்துட்டன்.